ஒரிஜினல்கள் உள்ளே இருக்கின்றன

அப்பா மறுபடியும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வருகிறார். இங்கே யாரும் கழற்றுவதில்லை. ஆபீஸ் அக்கா கழற்றவில்லை, தண்ணீர் கேன் தூக்கி வந்தவர் கழற்றவில்லை, நான்கூடக் கழற்றவில்லை. ஆனால் அப்பா வெளியே போய் பீடி குடித்துவிட்டு வரும் ஒவ்வொரு தடவையும் கோயிலுக்குள் நுழைகிறவர் மாதிரி ஒரு காலால் இன்னொரு கால் செருப்பை மிதித்துக் கழற்றிவிட்டு, முகம் தெரிகிற அந்தத் தரையில் வியர்த்த பாதம் பதிய நடந்து வந்து என் பக்கத்தில் உட்காருகிறார். பாத அச்சு கொஞ்ச நேரம் இருக்கிறது, அப்புறம் குதிகால் பக்கமிருந்து காய்ந்து போய்விடுகிறது, கட்டைவிரல் மட்டும் கடைசிவரைக்கும் நிற்கிறது, அதையும் பார்த்துக்கொண்டே இருந்தால் போய்விடுகிறது. "வந்துட்டாகளா?" என்கிறார். "இல்லப்பா." "வந்துருவாக." காலையிலிருந்து இதே மூன்று வார்த்தைதான். ஆபீஸ் அக்காவிடம் கேட்டால் அவள் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே "கரஸ்பாண்டெண்ட் சார் வந்துக்கிட்டே இருக்காங்க" என்கிறாள். வந்துகொண்டே இருக்கிறார். எந்த ஊரிலிருந்து வந்துகொண்டே இருக்கிறாரோ, இருந்த இடத்திலிருந்து நடந்தே வந்திருந்தால்கூட இந்நேரம் வந்திருப்பார். அக்காவுக்குப் பின்னால் பச்சை பீரோ. அதற்குள்ளே என் பிளஸ் டூ மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். நாளைக்குக் காலையில் சென்னையில் எனக்குக் கலந்தாய்வு. அரசு நர்சிங் பள்ளி, டிப்ளமோ, மூன்று வருசம், விடுதி உண்டு, கட்டணம் பேருக்குத்தான், படிக்கும்போதே மாசாமாசம் கையில் ஏதோ கொடுப்பார்களாம். ஒரிஜினல் இல்லாமல் வந்தால் உள்ளே விடமாட்டோம் என்று அழைப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. ராத்திரி பஸ்ஸைப் பிடித்தால் விடியும்போது போய்விடலாம். அருப்புக்கோட்டையிலிருந்து நேராகவே பஸ் இருக்கிறது. பஸ் இருக்கிறது, டிக்கெட்டுக்கு அம்மா முடிந்து கொடுத்தது இருக்கிறது, மாற்றுத் துணி இந்தப் பையில் இருக்கிறது. அந்த பீரோ திறந்தால் போதும். சாவி அக்காவின் மேசையில்தான் கிடக்கிறது, ஒரு பிள்ளையார் பொம்மையோடு. கையை நீட்டினால் எட்டும். நீட்டமாட்டேன். நீட்டுகிற வீட்டில் நான் பிறக்கவில்லை, நீட்டிக் கொடுக்கிற வீட்டில் பிறந்துவிட்டேன்.

அதை நினைக்கக் கூடாது. நினைத்தால் அப்பாவைக் குற்றம் சொல்கிற மாதிரி ஆகிவிடும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது அவரைப் பற்றி நினைத்தால் அவருக்குக் கேட்டுவிடும் என்று சின்னதிலிருந்தே எனக்கு ஒரு பயம். ஆனால் மனசு அங்கேதான் போய் முட்டுகிறது. ரிசல்ட் வந்த வாரம், மாணிக்கராஜ் என்று ஒருத்தர், மடிப்புக் கலையாத சட்டை, கையில் வழுவழு தாளில் அடித்த நோட்டீஸ், இந்தத் தனியார் நர்சிங் காலேஜுக்கு ஆள் சேர்த்துவிடுகிறவர். வெயிலில் வந்தார். அப்பா பாயை விரித்தார். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். "அண்ணாச்சி, சும்மா ஒரு சீட்டைப் பிடிச்சு வைப்போம். கவர்மெண்டுல கெடச்சா சந்தோசம், அன்னைக்கே வந்து சர்டிபிகேட்ட வாங்கிட்டுப் போயிருங்க. கெடைக்கலைன்னா பிள்ளை வீட்டுல உக்காரக் கூடாதுல்ல?" நியாயமாகத்தான் இருந்தது. என் கையில் இரண்டு கவர், ஒன்றில் ஒரிஜினல், இன்னொன்றில் ஜெராக்ஸ். நான் அப்பா காதோடு சொன்னேன், ஜெராக்ஸ் போதும்ப்பா. அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "நம்ம வீட்டுல கைய நனைச்ச மனுசன்கிட்ட நகலையா குடுக்கறது?" என்று சத்தமாகவே சொல்லிவிட்டு, மூத்த மகளைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் அந்த உறையைக் கொடுத்தார். அப்பாவின் தொழில் அப்படி. ரஞ்சனி சவுண்ட் சர்வீஸ், என் பேர்தான், சிவரஞ்சனி என்று எழுத பலகையில் இடம் பற்றவில்லை. ஆம்ப்ளிபயர், குழாய் ஸ்பீக்கர், ஒயர், சீரியல் பல்பு, ஜெனரேட்டர், எல்லாவற்றையும் எங்கள் டெம்போவில் ஏற்றிப் போய்ச் சாயங்காலம் ஒரு ஊருக்குக் கொடுத்துவிட்டு மறுநாள் காலையில் போய் ஒயரைச் சுற்றி எடுத்து வருவார். இருக்கிறதில் நல்ல பெட்டியை வீட்டில் வைத்துக்கொண்டு ஓட்டைப் பெட்டியை அனுப்புகிறவன் தொழில் விளங்காது என்பார். அவர் கொடுத்தது எதுவும் திரும்பி வராமல் இருந்ததில்லை. ஒரு தடவை குழாய்க்குள் குருவி கூடு கட்டிவிட்டது, குஞ்சு பறக்கட்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் வைத்திருந்து ஒரு மாசம் கழித்து அனுப்பினார்கள். ஆனால் வந்தது. விசேசம் முடிந்தால் சாமான் வீடு வந்து சேரும், அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான். என் மார்க் ஷீட்டையும் அப்படித்தான் அனுப்பினார். இப்போது மாணிக்கராஜுக்கு போன் போட்டால் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண் சொல்கிறாள். அப்பா அந்தப் பெண்ணுக்கும் "சரிம்மா" என்று பதில் சொல்லிவிட்டு போனை வைக்கிறார்.

புண்ணை நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்துக்கொண்டு வரவேண்டும், ஒரு தடவை தொட்ட பஞ்சு மறுபடி உள்ளே போகக் கூடாது. சாந்தகுமாரி அக்கா சொல்லிக் கொடுத்தது. எங்கள் ஊருக்கு வருகிற கிராம நர்ஸ். அம்மாவுக்குச் சர்க்கரைப் புண், இடது கால் பெருவிரலுக்குக் கீழே, இரண்டு வருசமாக ஆறுவதும் வாய் பிளப்பதுமாக இருக்கிறது. அக்கா வராத நாளெல்லாம் நான்தான் கட்டுவேன். "மெதுவாடி, இது காலு, ஒங்கப்பன் ஒயரு இல்ல" என்பாள் அம்மா. இந்த மனசு மட்டும் எந்த அக்கா சொன்னாலும் கேட்பதில்லை, தொட்ட பஞ்சையே எடுத்து மறுபடி மறுபடி நடுவில் வைக்கிறது. அக்காதான் ஒருநாள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "இதை யாரு கட்டுனா? எங்க ஆஸ்பத்திரிப் பிள்ளைகளே இப்படிக் கட்டாதுக. நீ நர்சிங் படி ரஞ்சனி" என்றாள். அந்த வார்த்தையில்தான் நான் இரண்டு வருசம் படித்தேன். அரசுக் கல்லூரி பி.எஸ்ஸி. நர்சிங்குக்கு அரை மார்க்கில் போய்விட்டது. அரை மார்க் என்றால் எவ்வளவு என்று கையால் காட்டவே முடியாது. அன்றைக்கு நான் அழுதபோது அக்கா வந்து திட்டினாள். "டிப்ளமோன்னா கேவலமா? நான் டிப்ளமோதாண்டி. மூணு வருசம் அரசாங்கம் சோறு போட்டுப் படிக்க வைக்கும், பெரிய ஆஸ்பத்திரி வார்டுல மொத மாசமே நிப்ப, கை தெளிஞ்சிரும். வேலைக்குப் போயிட்டு அப்புறமா ரெண்டு வருசம் சேந்து படிச்சா அதே பி.எஸ்ஸி. ஒனக்கு. ஒங்கப்பா தலையில எதுக்குப் பாறாங்கல்ல வைக்கிற?" கல்லைத் தூக்கி எறிந்த மாதிரி இருந்தது. ஆமாம், அதுதான் என் வழி, சுற்று வழிதான், ஆனால் யாரையும் விற்காமல் போய்ச் சேருகிற வழி. அப்பாவிடம் சொன்னபோது "அது டிகிரி இல்லையாமே?" என்று மட்டும் கேட்டார். அவர் கவலை அவருக்கு. அதற்கு முன்பே மாரியம்மன் பொங்கலில், கரகாட்டத்துக்கு நடுவே, தன் சொந்த மைக்கைத் தானே வாங்கி, "அன்பார்ந்த பெரியோர்களே தாய்மார்களே, நம்ம மைக் செட்டு குருவையா மக சிவரஞ்சனி நர்சு டிகிரி படிக்கப் போகுதுங்கிறத" என்று ஆரம்பித்துவிட்டார், சுற்றியிருக்கிற நாலு ஊருக்குக் கேட்டது, கரகம் ஆடின அக்கா தலையில் கரகத்தோடு எனக்கு ஒரு கும்பிடு போட்டாள், நான் வெட்கத்தில் ஜெனரேட்டருக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். நாலு ஊருக்குக் கேட்ட அந்தத் தொண்டையா இது, இன்றைக்கு "வந்துட்டாகளா" என்பது பக்கத்தில் இருக்கிற எனக்கே பாதிதான் கேட்கிறது.

தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் எழுந்து நடந்தேன். நடையின் முடிவில் ஒரு அறை, கண்ணாடிக் கதவு, உள்ளே கட்டில், கட்டிலில் ஒரு பொம்மை, ஆள் உயரத்துக்கு, போர்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்தி, கண் திறந்தபடி. ஒரு கை தோளோடு கழன்று தலைமாட்டில் இருக்கிறது. சீருடையில் ஒரு சீனியர் பெண் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "புது அட்மிசனா?" இல்லை என்று சொல்லத் தெரியவில்லை, சும்மா சிரித்தேன். "போர்வை கொண்டாந்துரு. ஊறுகாயும். குழம்பு அவங்க ஊத்துவாங்க, ருசி நீதான் கொண்டு வரணும்." பொம்மையைக் காட்டி, "இவருதான் எங்களுக்கு நோயாளி. ரெண்டு வருசமா இவருக்கே ஊசி போடுறோம், இன்னும் கொணமாகல" என்றாள். சிரித்துவிட்டு, அப்புறம் சிரிக்காமல், "சொந்தமா ஆஸ்பத்திரி கிடையாதுல்ல. வேற ஆஸ்பத்திரிக்கு வண்டியில கூட்டிட்டுப் போவாங்க, ஓரமா நிப்போம், பாத்துட்டு வந்துருவோம்" என்றாள். நான் பொம்மையின் கால் பெருவிரலைப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. அதில் எந்தப் புண்ணும் வராது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தாத்தாவின் கதை ஒன்று ஞாபகத்துக்கு வருகிறது, எதற்கு இப்போது வருகிறதோ. விசேச வீடுகளில் சாமானுக்குக் காவல் படுத்திருக்கும்போது தாத்தா சொல்வார், ஒரு அரக்கன் இருந்தானாம், அவன் உயிர் அவனிடம் இல்லையாம், ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள்ளே இருந்ததாம். ராஜகுமாரன் போய்க் கிளியின் காலைத் திருகினால் இங்கே அரக்கனுக்குக் கால் போய்விடும், இறக்கையைப் பிய்த்தால் கை போய்விடும். நாங்கள் எல்லோரும் ராஜகுமாரன் பக்கம். "அந்த அரக்கன் எதுக்கு தாத்தா உயிரக் கொண்டு போயி இன்னொருத்தர்கிட்ட வச்சான்?" என்று ஒரு தடவை கேட்டேன். "பத்திரமா இருக்கும்னு நம்பித்தான்" என்றார் தாத்தா. அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் தூங்கிவிட்டேன். இப்போது எனக்கு அரக்கன்மேல் பாவமாக இருக்கிறது. காலையில் சாந்தகுமாரி அக்கா போனில், "வச்சிருக்கவே கூடாதுடி, சட்டமே இல்ல, கலெக்டர்கிட்ட மனுக் குடுங்க" என்று கத்தினாள். மனு வாங்குவது திங்கட்கிழமை. இன்று வியாழக்கிழமை. சட்டம் திங்கட்கிழமை வரும், என் பேரை நாளைக்கே கூப்பிட்டுவிடுவார்கள். சிவரஞ்சனி, தகப்பனார் பெயர் குருவையா, வந்திருக்கிறாரா, வரவில்லை, அடுத்தவர். அடுத்தவள் யாராக இருக்கும்? அவளும் யாருக்காவது கட்டுப் போட்டிருப்பாள். அவள்மேல் எனக்குக் கோபமில்லை. கோபம் வந்தால் நன்றாக இருக்கும், பிடித்துக்கொள்ள ஒன்று கிடைக்கும்.

கார் சத்தம். ஆபீஸ் அக்கா எழுந்து சேலையைச் சரிசெய்கிறாள். அப்பா எழுந்ததில் நாற்காலி சாய்ந்து விழப்போனது, நான் பிடித்தேன். கரஸ்பாண்டெண்ட் சார் நல்ல மனிதர் போலத்தான் இருக்கிறார், நெற்றியில் விபூதி, கையில் இளநீர் வாங்கிய பை, கொடுமைக்காரர் முகமாக இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "உக்காருங்க பெரியவரே" என்கிறார். அப்பா உட்காரவில்லை. அக்கா கோப்பைக் கொண்டுவந்து வைத்து, "மைக் செட்டுக்காரரு மக சார், கவர்மெண்ட் சீட்டு வந்திருக்காம், சர்டிபிகேட் கேக்குறாங்க" என்கிறாள். "சந்தோசம்" என்கிறார் சார். "முதல் வருசக் கட்டணத்தக் கட்டிட்டு தாராளமா எடுத்துட்டுப் போங்க." அப்பா என்னைப் பார்க்கிறார், சாரைப் பார்க்கிறார். "சேரவே இல்லீங்களே சார், இன்னும் மொத வருச கிளாஸே தொறக்கல." "பேரு ஏத்தியாச்சு பெரியவரே. ஒங்க பிள்ளைக்காக இன்னொரு பிள்ளைய வேண்டாம்னு அனுப்பியாச்சு. அந்த சீட்டு இப்ப காலிதான? நான் என்ன ஒங்க பிள்ளையக் கடத்தியா வச்சிருக்கேன்?" "இல்லீங்க சார், இல்லீங்க. அந்த மாணிக்கராஜ் சார்தான் எப்ப வேணா வாங்கிக்கிடலாம்னு." "அவரு ஆயிரம் சொல்வாரு. இப்படிப் பத்துப் பேரு வாங்கிட்டுப் போனா நான் காலேஜ இழுத்துப் பூட்டிட்டு ஒங்க கூட மைக் செட்டு கட்டத்தான் வரணும்." ஆபீஸ் அக்கா சிரிக்கிறாள். தண்ணீர் கேன்காரர் சிரிக்கிறார். அப்பாவும் சிரிக்கிறார். அப்பா சிரித்ததைத்தான் என்னால். வேண்டாம். அந்தச் சிரிப்பை நான் இதற்கு முன்னே பார்த்ததில்லை, பல் தெரிகிறது, கண்ணில் ஒன்றுமில்லை. மைக் கீச்சென்று கத்தும்போது ஊர்க்காரர்கள் மேடையிலிருந்து என்னென்னவோ பேசுவார்கள், அப்போதெல்லாம் இவர் திருப்பி ஒரு கேலி விட்டுச் சிரிப்பார், அது வேறு. "சார்" என்கிறார் அப்பா, "நாளைக்குக் காலையில பிள்ளைய கூப்பிடுவாக சார். எம் பொஞ்சாதி கால் முடியாதவ. இது படிச்சு வந்தாத்தான் எங்களுக்கு." சார் இளநீரில் குழல் போட்டுக்கொண்டிருக்கிறார். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுக்கிறார். எடுத்து இடுப்பில் கட்டுகிறார். எனக்குத் தெரிந்துவிட்டது. மேசையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போகிறார், வெறுங்காலோடு, அவர் முதுகு வளைகிறது, சட்டைக் காலருக்கு மேலே பிடரி தெரிகிறது, வெயிலில் கம்பம் ஏறி ஏறிக் கறுத்த பிடரி, அதில் நரைமுடி சின்னச் சின்னதாக, இது எப்போது நரைத்தது, நான் பார்க்கவே இல்லையே, இன்னும் ஒரு முழம் குனிந்தால் அந்த ஆளுடைய ஷூ, இந்தக் கை அதைத் தொட்டுவிட்டால் அப்புறம் நான் சென்னையில் எந்த வார்டில் நின்றாலும் எந்தப் புண்ணைப் பிரித்தாலும் இதைத்தான் பார்ப்பேன், கும்பிட்டபிறகும் சார் கொடுக்கப் போவதில்லை, பிள்ளையார் பொம்மை ஆடாமல் கிடக்கிறது, கொடுக்கமாட்டார், கொடுக்கமாட்டார், கொடுப்பாரோ, ஒருவேளை கால் தொட்டால் கொடுத்துவிடுவாரோ, அந்த ஒருவேளைக்காக இவரைக் குனியவிடுவதா, "அப்பா" என்கிறேன், "நான் இங்கயே படிக்கிறேன்ப்பா."

அப்பா பாதிக் குனிந்தபடியே தலையைத் திருப்புகிறார். "என்னத்தா?" "இங்கயே படிக்கிறேன். இதுதானப்பா டிகிரி. அது வெறும் டிப்ளமோதான." என் குரல் ரொம்பத் தெளிவாக வருகிறது, யாரோ பின்னால் நின்று சொல்லிக் கொடுக்கிற மாதிரி. "மூணு வருசம் படிச்சு, வேலை பாத்து, திருப்பி ரெண்டு வருசம் படிக்கணும். யாரால முடியும்? லேபெல்லாம் பாத்துட்டு வந்தேன். நல்லாத்தான் இருக்கு." "நெசமாவா தாயி?" "நெசமாத்தாம்ப்பா." அவர் என் முகத்தைத் தேடுகிறார், நான் அதை அப்படியே வைத்திருக்கிறேன், கட்டுப் பிரிக்கும்போது அம்மா முன்னால் வைத்துக்கொள்கிற முகம், சீழ் எவ்வளவு இருந்தாலும் ஆறிக்கிட்டு வருதும்மா என்று சொல்கிற முகம். தேடிப் பார்த்துவிட்டு நம்பிவிட்டார். கடவுளே, எவ்வளவு சீக்கிரம் நம்பிவிட்டார். முதுகு நிமிர்கிறது, துண்டு இடுப்பிலிருந்து தோளுக்குப் போகிறது, முகத்தில் ரத்தம் வருகிறது. "இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதான? காலையிலருந்து இத்தனை பேரப் பாடாப் படுத்திட்டமே" என்று என்னைக் கடிந்துகொண்டு, சாரிடம் திரும்பி, "மன்னிச்சுக்கிருங்க சார், சின்னப் பிள்ளை, மனசுல உள்ளதச் சொல்லத் தெரியல" என்கிறார். சார் பெருந்தன்மையோடு தலையாட்டுகிறார். டெம்போவை விலைக்குக் கொடுத்துவிட்டால் முதல் வருசம் ஓடிவிடும், சாமான் ஏற்ற வாடகை வண்டி பார்த்துக்கொள்ளலாம் என்று அப்பா கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார், சாரிடம் இல்லை, என்னிடமும் இல்லை, சும்மா காற்றிடம். இரண்டாம் வருசத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆபீஸ் அக்கா, "அப்ப இன்னைக்கே யூனிபார்முக்கு அளவு குடுத்துட்டுப் போயிரு பாப்பா, இன்னொரு நடை எதுக்கு?" என்று என்னைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே ஒரு தையல்காரம்மா, கழுத்தில் நாடா, வாயில் குண்டூசி. கையை விரிச்சு நில்லு என்கிறாள். விரிக்கிறேன். தோள், முழங்கை, இடுப்பு, ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போகிறாள். அப்பா வாசலில் நின்று பார்க்கிறார். "லூசாவே வச்சிருங்கம்மா" என்கிறார், "நாலு வருசம் வரணும்ல." நாடா என் நெஞ்சைச் சுற்றி வருகிறது. "மூச்ச இழுத்துப் பிடிக்காத பாப்பா, விடு, அப்பத்தான் அளவு சரியா வரும்." விட்டால் மூச்சு மட்டுமா வரும். அப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார். கையை விரித்தபடி, பிடித்துக்கொண்டே நிற்கிறேன்.